கஞ்சிக்குப் போன கலர் அரிசி

அரிசிக்குச் சாயம் போட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கலாமா என்று எங்கள் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒரு சண்டையே நடந்தது. சாப்பிடுகிற பொருளை வீணாக்குவது பாவம் என்றார் ஒருவர். விளையாடி முடிந்ததும் கோழிக்குப் போடலாம்தானே என்றார் இன்னொருவர். கோழி அந்தச் சாயத்தைத் தின்னலாமா, அந்தக் கோழி இடும் முட்டையைப் பிள்ளை தின்னலாமா என்று மூன்றாமவர் தொடங்கினார். நான் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் இருந்தேன். என் மகளுக்கு மூன்றரை வயது. அவளுக்கு எதைக் கொடுத்தாலும் கொடுக்கும் முன்பு ஒரு தரம், கொடுத்த பின்பு ஒரு தரம் யோசிக்கிற ஆள் நான். ஆனாலும் கலர் அரிசியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது. குழுவில் போடுவதற்கு அது நீளம்.

எனக்கு அப்போது ஐந்து வயது நிரம்பவில்லை. கல்முனைப் பக்கம், கடற்கரை வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. உம்மாவுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. அதே வளவில் சாச்சி இருந்தார். உம்மாவின் தங்கை அவர், கல்யாணம் ஆகாதவர், ஊரிலுள்ள எல்லாரையும் பற்றி ஒரு சொல் வைத்திருப்பவர். வாப்பா சவளக்கடையில் வயல் செய்தார். வேலைக் காலத்தில் பல நாள் அங்கேதான்.

உம்மா பாலர் வகுப்பு நடத்துவதற்கான பயிற்சியை முடித்திருந்தார். முன் ஹோலில் ஒரு சின்ன வகுப்புத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் தொடங்கலாம் என்று வாப்பா ஒத்துக்கொண்டார், ஆனால் ஒழுங்கைத் தாய்மார் பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்தால்தான். அதனால் உம்மா வீடு வீடாகப் போய்க் கதைத்தார். சிலர் சரி என்றார்கள். பலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த யோசனை முடியும்வரை, படித்ததையெல்லாம் அவர் என்னில்தான் செய்து பார்த்தார்.

வெண்டிக்காயை வெட்டி மையில் தோய்த்துப் பூ அச்சுக் குத்தினோம். உடுப்புக் கொழுவும் கிளிப்புகளைத் தட்டின் ஓரத்தைச் சுற்றிக் கவ்வவிட்டுச் சூரியன் செய்தோம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பெரியது, சிறியது என்று பிரித்தோம். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கலர் அரிசிதான். அரிசியில் ஒரு மூடி வினாகிரியும் கேக்குக்குப் போடும் கலரில் சில துளிகளும் விட்டு, போத்தலில் அடைத்து உம்மா என்னிடம் தருவார். நான் கை நோகும்வரை குலுக்குவேன். பிறகு பத்திரிகைத் தாளில் பரப்பி நிழலில் காயவைப்போம். காய்ந்ததும் சிவப்பு, நீலம், பச்சை என்று முட்டை மட்டையின் குழிகளில் கரண்டியால் அள்ளிப் போட வேண்டும். பென்சில் பிடிக்கிற விரல்களுக்கு அதனால் பலம் வரும் என்று உம்மாவின் பாடப் புத்தகம் சொன்னது. கார்ட்போட்டில் மீன் கீறி, கோதுமை மாப் பசை பூசி, செதிலுக்குச் சிவப்பும் நீலமும் ஒட்டுவோம். மிச்சத்தை ஒரு பால்மா டின்னில் போட்டு என் பெயரை எழுதி வைத்திருந்தார்.

சாச்சிக்கு இது பொறுக்கவில்லை. "ராத்தா, ஊருப் புள்ளைகளுக்கு அரிசியெண்டா சோறு. உங்கட புள்ளைக்கு மட்டும் பெயின்ட்" என்பார்.

உம்மா சிரிக்க மாட்டார். அவருக்கும் உள்ளுக்குள் அதே உறுத்தல் இருந்தது. அதனால்தான் நல்ல அரிசியை எடுக்காமல், புடைக்கும்போது கழிகிற உடைந்த குறுணலை மட்டும் எடுத்துச் சாயம் போட்டார். குறுணல் என்றால் பரவாயில்லைதானே என்று சாச்சியிடமே கேட்பார். சாச்சி பதில் சொல்லாவிட்டால் இன்னொரு தரம் கேட்பார்.

அப்படியிருக்க நோன்பு வந்தது. எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வீடு வீடாக அரிசி சேர்ப்பார்கள். அந்த வருடம் எங்கள் பக்கத்துக்கு உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, பொறுப்பாக இருந்தார். பின்னேரம் சாக்கோடு கேற்றடிக்கு வந்து குரல் கொடுப்பார். பிள்ளைகள் ஓடிப்போய்க் கொட்டுவார்கள். அன்றைக்கு உம்மா அசர் தொழுதுகொண்டிருந்தார். வாசல் படியில், அரிசி அளக்கிற சுண்டில் அரிசி எடுத்து வைத்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் வேலை.

நான் அந்தச் சுண்டைப் பார்த்தேன். வெறும் வெள்ளை அரிசி. ஒருவருக்குக் கொடுப்பதென்றால் நமக்கு வேண்டாததைக் கொடுக்கக் கூடாது, ஆக விருப்பமானதைத்தான் கொடுக்க வேண்டும் என்று உம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். முந்திய கிழமைதான், கிழிந்த சட்டையை வைத்துவிட்டுப் பூப்போட்ட சட்டையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வைத்திருந்தார். ஆகவே நான் உள்ளே போய் என் பால்மா டின்னை எடுத்து வந்தேன். மாமா சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி, இறக்காமத்தில் யானை வேலியைப் பிரித்த கதையை ஒழுங்கையில் நின்ற ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் டின்னைக் கவிழ்த்தேன். மாமா திரும்பிப் பார்க்காமலே என் தலையைத் தடவி, "பறக்கத்தா இருக்கட்டும்" என்று வாழ்த்தினார். அந்த வெள்ளை அரிசியைக் கொண்டுபோய் அரிசி வாளியிலேயே திருப்பிப் போட்டேன். வெறும் சுண்டைப் பார்த்த உம்மா, நல்ல பிள்ளை என்றார்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மாமாவின் குரல். கஞ்சிக்குச் சேர்த்த அரிசியைக் கழுவும்போது சிவப்பு, நீல நிறத்தில் அரிசி கிடக்கிறது, எலி மருந்து கலந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது, நேற்று அரிசி தந்தவர்களில் யாருக்காவது விவரம் தெரிந்தால் உடனே வந்து சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்றைக்குக் கஞ்சி இல்லை என்றார்.

இதை வயல் இல்லாத ஊரில் இருப்பவர்கள் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். எங்கள் பக்கம் அரிசியில் நிறம் இருந்தால் அது வரப்பு எலிக்கு வைக்கும் மருந்தரிசி. யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதற்குச் சாயம் போடுவதே. எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, கலர் அரிசியைத் தொடாதே என்பதைத்தான். எங்கள் வீட்டில் மட்டும் அது விளையாட்டுச் சாமான்.

உம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு ஹோலுக்கு ஓடி டின்னைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க மகள் இதுல இருந்த அரிசி?"

"கஞ்சிக்குக் குடுத்த. எனக்கு ஆக விருப்பம் அதுதானே" என்றேன்.

ஒலிபெருக்கி கேட்டு வந்த சாச்சியிடம் உம்மா வெறும் டின்னைக் காட்டினார். சாச்சிக்கு விளங்கிவிட்டது.

"ராத்தா, வாயப் பொத்திக்கிட்டு இரிங்க. ஆருக்குத் தெரியும் இது நம்மட வீட்டு அரிசியெண்டு? நீங்க போய்ச் சொன்னா, அரிசிக்குக் கலர் அடிச்சுப் பள்ளிக் கஞ்சியக் கெடுத்தவளெண்டு பேர் வரும். பொறகு ஒரு புள்ளையும் உங்கட வகுப்புக்கு வராது."

"சொல்லாட்டி அவ்வளவு அரிசியையும் கொட்டிருவாங்ககா."

"கொட்டினாக் கொட்டட்டும். நீங்களா சேத்த?"

"அந்தக் கஞ்சிய நம்பி நோம்பு தொறக்கிற சனம் இரிக்கி."

"ஓம் இரிக்கி. அந்தச் சனத்துட புள்ளையளத்தான் நீங்க படிப்பிக்கப் போற. நல்லா யோசிங்க."

உம்மா யோசித்தார். ஹோலுக்கும் குசினிக்கும் நடந்தார். போகலாம் என்றார். அபாயாவை எடுத்துவிட்டு, வாப்பா வரட்டும் என்றார். வாப்பா வரும்போது நேரம் போய்விடும் என்றார். சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அரிசி மீனை ஒரு தரம் பார்த்தார். பிறகு அபாயாவைப் போட்டு, கலர்க் குப்பிகளையும் வினாகிரிப் போத்தலையும் ஒரு பையில் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் சாச்சி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கோ, என் அரிசி எல்லாருக்கும் பிடித்துப்போய், அதைத் தந்தது யார் என்று கேட்டுத்தான் மாமா ஒலிபெருக்கியில் கூப்பிட்டார் என்ற நினைப்பு.

பெண்கள் பள்ளிவாசல் முன்வாசலால் போவதில்லை. கஞ்சி காய்ச்சும் கொட்டில் பக்கம் ஒரு சின்னக் கேற் இருந்தது. அதற்கு வெளியே வாளிகளோடும் சட்டிகளோடும் ஆட்கள் நின்றார்கள். உள்ளே பெரிய பானை அடுப்பில் ஏறாமல் கிடந்தது. கழுவின அரிசியைப் பாயில் பரப்பி, சுற்றி ஆண்கள் நின்றார்கள். வெள்ளை அரிசிக்குள் என்னுடைய சிவப்பும் நீலமும் தூவினாற்போலத் தெரிந்தன. எனக்கு அழகாகத்தான் இருந்தது.

உம்மா கேற்றடியில் நின்று மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். மாமாவின் முகம் மாறியது. அவர் போய் எங்கள் குடி மரைக்காரிடம் சொன்னார். பள்ளிவாசல் நிருவாகத்தில் எங்கள் குடும்பங்களுக்குப் பேசுகிற பெரியவர் அவர். அவர் கேற்றடிக்கு வந்தார். உம்மா குப்பிகளைக் காட்டினார். சாயம் உள்ளதெல்லாம் குறுணல்தான், பாருங்கள், மருந்தரிசி முழு அரிசியாக இருக்கும் என்றார். சமையல்காரர் குனிந்து கொஞ்சம் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், குறுணல்தான்" என்றார்.

மரைக்கார் தாடியைத் தடவினார். "நீங்க சொல்றது உண்மையா இரிக்கும் புள்ள. ஆனா ஊரே குடிக்கிற கஞ்சி. வாய்ச்சொல்ல நம்பிக் காய்ச்சிக் குடுத்து ஆருக்கும் ஒண்டெண்டா, அல்லாஹ்வுக்கு நான் என்ன பதில் சொல்ற?"

"ஆராவது கொஞ்சம் தின்டு பாத்தாத் தெரியும்" என்றார் ஒருவர்.

"நோம்போட எப்பிடித் தின்ற? நீ தின்றியா?" என்றார் இன்னொருவர். வெளியே வாளியோடு நின்றவர்கள் சிரித்தார்கள்.

மரைக்காருக்கு நோன்பு, மாமாவுக்கு நோன்பு, சமையல்காரருக்கு நோன்பு, உம்மாவுக்கும் சாச்சிக்கும் நோன்பு. உம்மா தானே தின்று காட்டத் தயாராக இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். முடியாது. நோன்பு திறக்கும் நேரம்வரை காத்திருந்தால் கஞ்சி காய்ச்ச நேரமில்லை.

பிறகு உம்மா கேற்றைத் தள்ளி உள்ளே வந்தார். பாயருகில் குந்தி, சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். ஒவ்வொரு மணியும் குறுணல்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உள்ளங்கையில் போட்டார். சாச்சி, "ராத்தா!" என்றார்.

"இவளுக்கு நோம்பில்ல" என்று உம்மா மரைக்காரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "வாயத் தொறங்க மகள்" என்றார்.

எனக்குச் சந்தோஷம். வீட்டில் அந்த அரிசியை வாயில் வைத்தால் அடி விழும். யாரும் பார்க்காத நேரம்தான் தின்பேன். இப்போது உம்மாவே ஊட்டிவிட, இத்தனை பேர் பார்த்து நிற்க, நான் நறுக்கு நறுக்கென்று மென்று விழுங்கினேன்.

"சிவப்புத்தான் நல்ல புளி. நான் ஒவ்வொரு நாளும் தின்னுறன்" என்றேன்.

முதலில் மரைக்கார்தான் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "ஒங்கட டீச்சர்ட புள்ளையே கள்ளமாத் தின்டிருக்கே" என்று சமையல்காரர் மாமாவைச் சீண்டினார். மாமா, இனிமேல் சாக்குப் பிடிக்கும்போது யானைக் கதை கேட்க மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் என்னைக் கொட்டிலில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். நான் விறகின் மேல் ஏறி இறங்கி விளையாடினேன். கடைசியில் அரிசியை இன்னும் பல தண்ணீர் கழுவி அடுப்பில் ஏற்றினார்கள். அன்றைக்குக் கஞ்சி கொஞ்சம் பிந்தித்தான் கிடைத்தது. நிறமும் கொஞ்சம் வேறுமாதிரி என்று சொன்னார்கள்.

பெருநாளுக்குப் பிறகு உம்மாவின் வகுப்புத் தொடங்கியது. கலர் அரிசி டீச்சர் என்ற பேரும் கூடவே வந்தது. சாச்சி சொன்னதில் பாதி பலித்தது. ஆனால் பிள்ளைகளும் வந்தார்கள். மரைக்காரின் பேத்தியும் வந்தாள். உம்மா அதற்குப் பிறகு அரிசியைத் தொடவில்லை. மணலுக்குத்தான் சாயம் போட்டார்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்து எங்கள் வீட்டில் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று எனக்கு மட்டும் நினைவிருக்கிறது.

பள்ளிவாசலிலிருந்து வந்த நேரம் முதல் உம்மா என் பக்கத்தை விட்டு நகரவில்லை. வயிறு நோகுதா என்று கேட்டார். இல்லை என்றேன். தலை சுற்றுதா என்றார். இல்லை என்றேன். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். வெங்காயம் அரிந்தபடியே கிடந்தது. சாச்சிதான் மிச்சத்தைச் சமைத்தார். மஃரிபுக்குப் பாய் விரித்து, பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் வைத்து உட்கார்ந்தோம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. வாப்பா பழத்தைக் கடித்தார். சாச்சி தண்ணீர் குடித்தார். உம்மா மட்டும் பழத்தைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாங்கு முடிந்தும் அவர் கை அசையவில்லை. நேரமானால் உடனே நோன்பு திறக்க வேண்டும், பிந்தக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். பாவம், நோன்பு திறக்கும் துஆ உம்மாவுக்கு மறந்துபோயிற்று என்று நான் நினைத்தேன். அவருக்குக் கேட்கட்டும் என்று, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக ஓதிக் கொடுத்தேன்.