ஒடீல் மிஷோவுக்கு அப்பா இருக்கிறார்

செவிலியர் படிப்பில் ஒடீலுக்கு இடம் கிடைத்த அன்று லொரெய்ன் சித்தி வீட்டில் கோழிக் குழம்பும் அடுக்கடுக்காகச் சுட்ட ப்ளோய் என்ற மெல்லிய தோசையும். சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, மத்திய அரசின் கல்வி உதவிப் படிவத்தை ஒடீல் கணினியில் திறந்தாள். அரை மணி நேர வேலை என்று நினைத்தாள்.

பள்ளி முடித்த கையோடு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். இரண்டு வருஷமாகக் கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கை மாற்றிக்கொண்டிருந்தாள். வேலை பிடித்துத்தான் இருந்தது. யாருக்காவது மூச்சு முட்டினால் "இருங்க, நர்ஸைக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்ததே, அதுதான் பிடிக்கவில்லை.

பெயர், முகவரியெல்லாம் மளமளவென்று ஓடின. பெற்றோர் விவரத்தில் படிவம் நின்றுகொண்டது.

அம்மா இறந்தபோது ஒடீலுக்கு ஒன்பது வயது. அப்பா ரேனால்ட் மரம் வெட்டுகிறவர். "ரெண்டு வாரம் பாத்துக்கோ" என்று மகளைக் கொழுந்தியாள் லொரெய்னிடம் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், மான்கறிப் பொட்டலம் ஒன்றைக் கொடுப்பார், தொப்பியைக் கழற்றாமலே காப்பி குடிப்பார், போய்விடுவார்.

ஒடீல் சித்தியின் பெயரைப் போட்டுப் பார்த்தாள். படிவம் ஏற்கவில்லை. மறுநாள் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். ஹாஃபர்ட் என்ற அம்மாள் எடுத்தார்.

"உங்க சித்தி கோர்ட்டுல போய் காப்பாளர்னு பதிவு பண்ணியிருக்காங்களாம்மா?"

"இல்லைங்க. வளர்த்தாங்க, அவ்வளவுதான்."

"அப்ப கணக்குல வராது. அப்பா எங்க இருக்கார்னு தெரியுமா?"

"தெரியும். நாப்பது மைல்ல, காட்டுக்குள்ள."

"அடடா" என்றார் அந்த அம்மாள், உண்மையான வருத்தத்தோடு. "எங்க இருக்கார்னே தெரியாம இருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேன். இருக்கார், ஆனா விவரம் தரமாட்டேங்கிறார்னா உதவித்தொகை கிடையாது. கொஞ்சம் கடன் மட்டும் வாங்கலாம். உங்களுக்கு இருபத்துநாலு வயசு ஆகியிருந்தாலோ, பட்டாளத்துல இருந்தாலோ, கல்யாணம் ஆகியிருந்தாலோ அப்பா தேவையே இல்லை."

அன்று மாலை சித்தியிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் பூனை எழுந்து ஓடியது.

"பதினோரு வருஷம் உனக்குப் பேன் பார்த்தவ நான். நான் யாரோவாம். நாளைக்கே அந்த உருளைக்கிழங்கு லாரிக்காரன் க்ளோவிஸைக் கட்டிக்கிட்டு வந்து நின்னா சரியாப் போயிடுமாமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அவனைக் கேட்டுப் பாரேன். சும்மாத்தானே கெடக்கான்."

"சித்தி, அவன் சரின்னுடுவான். அதான் பயம்."

ஞாயிற்றுக்கிழமை ஒடீல் அப்பாவைத் தேடிப் போனாள். பனி உருகும் காலம், பாதையெல்லாம் சேறு. கடைசி ஒரு மைலை நடந்தே கடந்தாள். ரேனால்ட் வாசலில் உட்கார்ந்து ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என் வருமானம் எதுக்கு அவனுகளுக்கு? படிக்கப்போறது நீ."

"அதையேதான்ப்பா நானும் கேட்டேன்."

"கம்ப்யூட்டர்ல நம்பரைப் போட்டா நாளைக்கு வீட்டு வாசல்ல வந்து நிப்பானுக."

"இந்தச் சேத்துல யாரும் வரமாட்டாங்க. நானே ரெண்டு தடவை விழுந்து எழுந்து வந்திருக்கேன். பாருங்க."

அவர் பார்த்தார். முழங்கால் வரை சேறு. அரத்தைக் கீழே வைத்தார். "எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி நேரம்" என்றாள் ஒடீல். அவளுக்கே நம்பிக்கையில்லை.

குடிசையில் செல்போனுக்குச் சமிக்ஞை கிடையாது. ரேனால்டின் லாரியிலேயே மாதா கோயில் மேட்டுக்கு ஏறிப்போய், கல்லறைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஆரம்பித்தார்கள். அவருக்கென்று தனிக் கணக்கு திறக்க வேண்டும். அதற்கு மின்னஞ்சல் வேண்டும். அவரிடம் இல்லை, உருவாக்கினாள். கடவுச்சொல் கேட்டது. நாயின் பெயரைச் சொன்னார். போதாது, எண் வேண்டும், குறி வேண்டும் என்றது.

"நாய்க்கு எவன் நம்பர் போட்டு வப்பான்?"

ஒருவழியாக அதைத் தாண்டினால், இப்படி ஒரு ஆளே இல்லை என்றது இணையதளம். ஒடீல் அவர் பிறந்த தேதியைச் சரிபார்த்தாள், அரசு அடையாள எண்ணைச் சரிபார்த்தாள். மூன்றாவது முறையும் இல்லை என்றது. லாரியின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

"அப்பா, அந்த நம்பர் இருக்கிற அட்டையில உங்க பேரு என்னன்னு இருக்கு?"

ரேனால்ட் பணப்பையைத் துழாவி, ஓரம் கிழிந்த அட்டையை நீட்டினார். ஜோசப் ரேனால்ட் மிஷோ.

"ஜோசப்பா? யாரு ஜோசப்?"

"ஞானஸ்நானத்துல எல்லாப் பயலுக்கும் ஜோசப்புன்னுதான் முதல்ல போடுவாங்க. என் அண்ணன் தம்பி அஞ்சு பேரும் ஜோசப்தான். யாரும் கூப்பிடறதில்லை."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலையே."

ஒடீல் லாரியிலிருந்து இறங்கி, சுவரோரம் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி ஏறினாள். இருட்டும்போது ஜோசப் ரேனால்ட் மிஷோ தன் வரிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளச் சம்மதம் தெரிவித்துவிட்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. உதவித்தொகை கிடையாது. மத்திய அரசுக் கடன் ஐயாயிரத்து ஐந்நூறு டாலர் வாங்கிக்கொள்ளலாம். தகப்பனார் வசதியானவர் என்பதால் மீதியைக் குடும்பம் கட்டலாம்.

லொரெய்ன் அதை இரண்டு தடவை படித்தாள். "வசதியானவரா? உங்கப்பனா? அந்தாளு கோட்டுக்குப் பொத்தான் கிடையாதுடி."

போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து வருமானத்தைத்தான் படிவம் பார்க்கும். அந்த வருஷம் ரேனால்ட் தன் பங்குக் காட்டை விற்றிருந்தார். அவரிடம் போய்க் கேட்டபோதுதான் ஒடீலுக்கு அது தெரிந்தது. அந்தப் பணத்தில் மரம் இழுக்கும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கினார். முதல் குளிர்காலத்திலேயே அது எரிந்துபோய், இப்போது துருப்பிடித்த எலும்புக்கூடாகக் குடிசைக்குப் பின்னால் நிற்கிறது. சேற்றில் விழுந்து எழுந்து ஒடீல் முதலில் அங்கே போனபோது அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

ஒடீல் மறுபடியும் ஹாஃபர்ட் அம்மாளைக் கூப்பிட்டு, காடு விற்றதையும் வண்டி எரிந்ததையும் சொன்னாள். "இல்லாத அப்பாவை இருக்கார்னீங்க. இப்ப இல்லாத பணத்தை இருக்குங்கிறீங்க. நான் எதைத்தான் கொண்டுவரணும்?"

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு அந்த அம்மாள் சொன்னார்: "இது ஒரே ஒரு தடவை வந்த பணம்தானா? அப்படின்னா மேல்முறையீடு பண்ணலாம்மா. காடு வித்த பத்திரம், எரிஞ்ச வண்டிப் படம், அப்பா கையெழுத்தோட ஒரு விளக்கம். நானே பாக்குறேன்."

ரேனால்ட் விளக்கம் எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டார். வந்தது ஒரே வரி: 'காட்டை ஒரு தடவைதான் விற்க முடியும், என்னிடம் வேறு காடு இல்லை.' இன்னும் கொஞ்சம் எழுதச் சொல்லலாமா என்று ஒடீல் யோசித்தாள். இதற்கே நான்கு நாள் ஆகியிருக்கிறது என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. கட்டணத்தில் பெரும்பகுதிக்கு உதவித்தொகை, மீதிக்கு அந்தக் கடன். வாரக் கடைசியில் முதியோர் இல்ல வேலையை விடாமல் பார்த்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். செப்டம்பரில் ஒடீல் வகுப்புக்குப் போனாள்.

வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆனதும் கல்லூரியிலிருந்து நினைவூட்டல் வந்தது. அடுத்த வருஷத்துக்கான படிவம் திறந்துவிட்டதாம், முதலிலிருந்து நிரப்ப வேண்டுமாம். ஒடீல் அதைச் சித்தியிடம் காட்டவில்லை. அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தாள்.

அந்த வாரக் கடைசியில் ரேனால்ட் தானாகவே லொரெய்ன் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருந்தது. காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"மாதா கோயில் மேட்டுல ஒருத்தன் சொன்னான், அவன் பொண்ணுக்கு வருஷா வருஷம் இந்தக் கருமத்தைப் பண்றானாம். நெசமா?"

"நெசந்தான்பா."

ரேனால்ட் கோப்பையைக் கீழே வைத்தார். வாய்க்குள் ஏதோ பிரெஞ்சு வசவை முனகினார். லொரெய்ன் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவர் நாற்காலியைக் கணினிப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.