வரிசையில் அவருக்கு முன்னால்

எங்கள் இரண்டு பேருக்கும் சீனி வருத்தம் ஒரே மாதத்தில்தான் தெரியவந்தது. டொக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது என் கணவருக்குச் சலிப்பு. சாவகச்சேரியில் பெரியவர்களுக்கும் கராத்தே வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அங்கே இடுப்புப் பட்டியின் நிறத்தின்படிதான் வரிசை. வயதுக்கும் உத்தியோகத்துக்கும் மதிப்பில்லை. ஒரே நிறமென்றால் முதலில் சேர்ந்தவர் முன்னால். படிவத்தில் கணவர் முதலில் கையெழுத்து வைத்ததால் வெள்ளையிலும் மஞ்சளிலும் அவருக்குப் பின்னால்தான் நான். சோடியாகப் பழகும்போது பின்னால் நிற்பவர்தான் முதலில் தலை வணங்கவேண்டும். வீட்டிலும் வணங்கச் சொல்லிப் பகிடி விடுவார்.

செம்மஞ்சள் பட்டிக்கான பரீட்சையில், ‘காட்டா’ என்ற அசைவுத் தொடரைத் தனியே செய்துகாட்டவேண்டும். அவர் பாதியில் தவறான பக்கம் திரும்பி நின்றுவிட்டார். மறுபடி தொடங்கி, அதே இடத்தில் மறுபடி நின்றார். நான் சித்தியடைந்தேன். வரும் வழியில் கைதடியில் நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கித் தந்தார், தான் குடிக்கவில்லை.

அடுத்த வகுப்புக்குப் பழைய மஞ்சள் பட்டியையே கட்டிக்கொண்டு, அவருக்குப் பின்னால் போய் நின்றேன். புதியது எங்கே என்று மாஸ்டர் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன்.

“இல்லை மாஸ்டர், பையுக்குள்ளை கிடக்கு,” என்றார் கணவர். பிறகு என் பக்கம் திரும்பி, “எனக்காகவோ ஒளிச்சனீர்?” என்று மெல்லக் கேட்டார்.

“ஓம்.”

“அப்பிடிச் செய்யாதையும். எனக்கு அதுதான் வெக்கம்.”

அவரே போய்ப் பட்டியை எடுத்துவந்தார். எனக்கு முடிச்சு சரியாக விழவில்லை. நான் முன்னால் போய் நின்றதும் அவர் ஒழுங்காகக் குனிந்து வணங்கினார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நானும் குனிந்தேன்.

அதன்பிறகு பின்னேரங்களில் முற்றத்தில் பழகுவார். திரும்பும் இடம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு எந்தக் கால் என்று கேட்பார். அடுத்த தடவை சித்தியடைந்தார். அதற்குள் எனக்குப் பச்சை கிடைத்துவிட்டது.

மனிசி தனக்கு மேலே என்று கந்தோரில் அவரே சொல்லித் திரிகிறாராம். அவரோடு வேலை செய்யும் ஒருவர் சந்தையில் கண்டபோது சொன்னார்.