பின் இருக்கைக்கு மாறிய பிறகு

அண்ணை டென்மார்க்கிலிருந்து திரும்பி வந்தபோது உடுப்புப் பெட்டிகளோடு ஒரு கயாக்கையும் கொண்டுவந்தார். அது கப்பலில் வந்து, கொழும்பில் கிடந்து, கடைசியில் ஒரு லொறியில் உடுவிலில் எங்கள் படலைக்கு முன்னால் இறங்கியது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வள்ளம். ஒருவருக்குப் பின்னால் ஒருவராக இரண்டு பேர் இருந்து துடுப்புப் போடலாம். அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தோட்டம், பள்ளிக்கூடம், ஞாயிறு ஆராதனை, இவைதான் எங்கள் சீவியம். மீனைச் சந்தையில் கண்டதுதான்.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். கலியாணம் செய்யவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தேன். அண்ணை சண்டைக்காலத்தில், மீசை முளைத்த வயதில் வெளிக்கிட்டவர். அப்பாவின் செத்தவீட்டுக்கும் வரமுடியவில்லை, அம்மாவுடையதற்கும் வரமுடியவில்லை. அதனால் அவர் இனி இங்கேயே இருக்கப்போகிறார் என்று கேட்டபோது எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அவருக்குப் பிடித்த குத்தரிசியும் பனங்கிழங்கு ஒடியலும் வாங்கி வைத்தேன். அறைக்கு வெள்ளையடிப்பித்தேன்.

வந்த மறுநாள் காலை தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஏன் அண்ணை, கை நோகுதோ?"

"நோகேல்லை. பலம் இல்லை." கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். "ஒளிச்சு வைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை. நரம்பு வருத்தம் எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். கையிலை துவங்கியிருக்கு. பிறகு கால் போகும், பிறகு கதை பேச்சுப் போகும், கடைசியிலை விழுங்கேலாமல் வரும். மருந்து இல்லை."

"அங்கை நல்ல வைத்தியம் இருக்கே. ஏன் இஞ்சை வந்தனீங்கள்?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான், அவரை வரவேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதோ என்று கூச்சமாக இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. "அங்கை எல்லாத்தையும் அவையளே செய்வினம். நான் சும்மா படுத்திருக்கவேணும். அது எனக்கு ஏலாது," என்றார்.

அங்கே மனைவி பிரிந்துபோனபிறகு, சனி ஞாயிறுகளில் அவரும் மகளும் அந்தக் கயாக்கில் கரையோரக் கடலுக்குப் போய் மீன் பிடித்திருக்கிறார்கள். மகள் முன்னுக்கு இருப்பாளாம். அவள் வளர்ந்து வேலைக்குப் போய் வேறு நகரத்துக்கு மாறியபிறகு அவர் தனியாகப் போயிருக்கிறார். இப்போது தனியாகப் போகக் கை விடாது.

"முன்னுக்கு இருக்க ஒரு ஆள் வேணும்," என்றார்.

"எனக்கு நீந்தத் தெரியாது, அண்ணை."

"எங்கடை கடலிலை நீந்துறதுக்குத் தண்ணி எங்கை கிடக்கு? எழும்பி நிண்டால் இடுப்பளவுதான்."

ஆழமில்லாத களப்புக் கடலின் அராலிக் கரையில் கம்பு நட்டு வலை கட்டும் ஒருவர் இருந்தார். அவருடைய மகள் முன்பு என்னிடம் படித்தவள். அவர் வீட்டு வளவில், வலைகள் கிடக்கும் கொட்டிலில் கயாக்கை வைக்க இடம் தந்தார். முதல் நாள் நான் சட்டைக்கு மேலே செம்மஞ்சள் மிதவை அங்கியைப் பூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "ரீச்சர், உது பிள்ளையளைக் குளிக்க வாக்கிற தொட்டி மாதிரிக் கிடக்கு," என்றா. எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணைதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்.

தண்ணீருக்குள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அண்ணை பின்னாலிருந்து துடுப்புப் போட்டார். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அடியில் கடற்புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததைக் கண்டேன். நண்டு ஒன்று புல்லுக்குள் ஒதுங்கியது. கொஞ்சநேரம் போக, என்னை அறியாமலே கை தளர்ந்துவிட்டது.

அன்றைக்கு அவர் ஒரு கீளியும் இரண்டு ஒராவும் பிடித்தார். ஒராவைத் தூண்டில் கொளுக்கியிலிருந்து கழற்றும்போது முள் என் விரலில் குத்தி, வீடு வரும்வரை கடுத்தது. இருந்தாலும் அந்த ஒராவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணை, "அம்மா வைச்ச மாதிரி வரேல்லை," என்றார். பிறகு இன்னொருமுறை போட்டுச் சாப்பிட்டார்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு தரமாவது போனோம். என் ஸ்கூட்டியில் அண்ணையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு விடியவெள்ளெனப் போய், வெயில் ஏறமுதல் திரும்பிவிடுவோம். நாங்கள் இருவரும் பிள்ளைகளாக இருந்தபோதுகூட அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை. ஆண்பிள்ளைகள் ஒருபக்கம், பெண்பிள்ளைகள் ஒருபக்கம் என்றுதான் எங்கள் வீட்டில். கயாக்கில் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் என் முதுகைத்தான் பார்ப்பார். அதனாலோ என்னவோ, வீட்டில் வராத கதையெல்லாம் அங்கே வந்தது. மகள் பிறந்த அன்று பனி கொட்டியதைச் சொன்னார். அம்மா செத்த செய்தி வந்தபோது தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டு நின்றதையும், லீவு கேட்காமல் அன்றைய வேலையை முடித்துவிட்டு வந்ததையும் சொன்னார். நானும் சொன்னேன். என்னைப் பெண்கேட்டு வந்த ஒருவரைப் பற்றியும், அவர் பிறகு இடம்பெயர்ந்துபோய் எங்கே என்றே தெரியாமல் போனதையும் அண்ணைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். பின்னால் துடுப்புச் சத்தம் நின்றுபோனது.

மாரி முடிந்து நாங்கள் மறுபடி போகத் தொடங்கியபோது அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கொஞ்சத்தூரம் போனதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டார்.

"பிள்ளை, இனி நீ பின்னுக்கு வா."

பின் இருக்கையில் இருப்பவர்தான் வள்ளத்தைத் திருப்ப வேண்டும். எனக்கு அது பழகவில்லை. நேரே போக நினைத்தால் வட்டமடித்தோம். அண்ணை முன்னுக்கு இருந்துகொண்டு, "இடக்கை, இடக்கை. இல்லை, மற்றக்கை" என்று கத்துவார். வலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துவிட்டு, "ரீச்சர் எங்கடை பிள்ளையைப் படிப்பிச்ச மாதிரி உங்களையும் ஒராள் படிப்பிக்கவேண்டிக் கிடக்கு," என்றார். நான் பழகிவிட்டேன். தோள் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுப்பேன்.

இப்போது அண்ணையின் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும் ஒவ்வொரு முறையும் அது மெலிந்திருந்தது. சட்டைக்குள் தோள்மூட்டு எலும்பு தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் பார்க்கலாம் என்பதால் நான் பார்த்தேன், அவருக்குத் தெரியாமலே அழவும் செய்தேன். பிறகு தூண்டில் தடியையும் பிடிக்கமுடியாமல் போனது. வலைக்காரர் ஒரு பழைய சைக்கிள் ரியூப் துண்டால் தடியை அண்ணையின் முன்னங்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். இறாலைக் கொளுக்கியில் குத்துவதும் எறிவதும் என் வேலை. மீன் இழுத்தால் அவர் கை ஆடும். அந்த ஆட்டத்துக்காகத்தான் அவர் வந்தார். ஒருநாள் பெரிய கொடுவா ஒன்று இழுத்து, தங்கூசி நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. நான் கவலைப்பட்டேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பாகத் திரும்பி, "கண்டனியோ? கண்டனியோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதே அவருடைய சொற்கள் குழறத் தொடங்கியிருந்தன.

சோளகக் காற்றுக் காலத்தில் ஒருநாள் நாங்கள் தூரமாகப் போய்விட்டோம். அன்று வலைக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். காற்றைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. காற்று எழும்பி, எங்கள் பக்கத் தண்ணீரைக் களப்பின் மற்றக் கரைக்குத் தள்ளிவிட்டது. நான் கவனிக்கமுன்னே வள்ளத்தின் அடி சேற்றில் தட்டியது. துடுப்பை ஊன்றித் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நான் இறங்கினேன். சேறு முழங்கால்வரை வாங்கியது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அண்ணையை வள்ளத்தோடு இழுக்கத் தொடங்கினேன். ஒரு காலைப் பிடுங்கி வைத்தால் மற்றக் கால் புதையும். செருப்பு இரண்டும் சேற்றுக்குள் போய்விட்டன. கரையில் பனைமரங்கள் தெரிந்தன, ஆனால் கிட்ட வரவேயில்லை.

"பிள்ளை, நில்லு," என்றார் அண்ணை.

நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

"ஒண்டு சொல்லவேணும்."

"கரைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"கரையிலை நீ கேக்கமாட்டாய். அடுப்பிலை என்னவோ கிடக்கு எண்டு எழும்பிப் போவாய்." ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "விழுங்கேலாமல் வந்தால் வயித்திலை குழாய் போடுவமோ எண்டு கேப்பினம். எனக்கு வேண்டாம். அப்ப எனக்குக் கதைக்கேலாது. நீதான் சொல்லவேணும்."

"மகளிட்டைச் சொல்லுங்கோ, அண்ணை. அவள் சொல்லட்டும்."

"சொன்னனான். அவள் டெலிபோனை வைச்சிட்டாள்."

காற்று முகத்தில் உப்பைக் கொண்டுவந்து அடித்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயும் எழும்பிப் போக எனக்கு வழி இல்லை. "ஓம்" என்றேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது என்று இன்னொருமுறை, சத்தமாக, "ஓம், அண்ணை" என்றேன்.

"சரி. இனி இழு," என்றார்.

பாதித்தூரம் வந்தபோது சந்தையால் வந்த வலைக்காரர் எங்களைக் கண்டு சேற்றுக்குள்ளால் ஓடிவந்தார். அண்ணையை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தார். கொட்டிலில் படுக்கவைத்துவிட்டு என்னிடம் வந்து, மெதுவாக, "ரீச்சர், ஐயாவிலை பாரமே இல்லை," என்றார். அதுதான் நாங்கள் போன கடைசிப் பயணம்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் டொக்டர்மார் சொன்ன ஒழுங்கிலேயே நடந்தது. கால் போனது. கதை போனது. கண்ணை மூடித் திறந்தால் ஓம், தலையை ஒரு பக்கம் சாய்த்தால் இல்லை. கஞ்சியைத் துணியில் வடித்துக் கரண்டியால் பருக்கினேன். பிறகு அதுவும் புரைக்கேறத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர், ஆஸ்பத்திரியில் குழாய் போடலாம், கொஞ்சக்காலம் இருப்பார், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அன்று பின்னேரம் மகள் தொலைபேசியில் வந்தாள். அவள் முகத்தை அண்ணைக்குக் காட்டினேன். தகப்பனோடு டெனிஷ் மொழியில் பேசினாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"மாமி, குழாய் போடச் சொல்லுங்கோ. நான் ரிக்கற் எடுக்கிறன். நான் வாற வரைக்கும் மட்டும். ரெண்டு நாள்."

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. நான் அண்ணைக்குக் கிட்டப் போய், "பிள்ளை வாறவரைக்கும் போடுவமோ?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். கண்ணால் நீர் வழிந்தது. பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"அப்பா வேண்டாம் எண்டுறார், பிள்ளை."

"அவர் வேண்டாம் எண்டால் நீங்களும் விட்டிடுவீங்களோ?"

"ஓம்," என்றேன்.

அவள் வந்திறங்கிய காலை, அண்ணை பெட்டிக்குள் இருந்தார். விமானநிலையத்திலிருந்து நேரே வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். தகப்பனுடைய கையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை அவ்வளவு சிறிதாகிவிட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. போதகர் செபம் சொல்லி முடித்தபிறகு என்னிடம் வந்தாள்.

"ரெண்டு நாள், மாமி. ரெண்டு நாள்தான் கேட்டனான்."

அவளுடைய தமிழ் தடுக்கித் தடுக்கி வரும். அந்த வசனம் தடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து அவள் நின்ற நாட்களில் நாங்கள் ஒரே மேசையில் சாப்பிட்டோம். கயாக்கைப் பார்க்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்திருக்கிறாள் என்று தொலைபேசி காட்டுகிறது. பதில் வரவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அந்த இரண்டு நாளைத்தான் கேட்டிருப்பேன். அண்ணையின் இடத்தில் இருந்திருந்தால் நானும் தலையைச் சாய்த்திருப்பேனோ என்று தெரியவில்லை. அதை நினைக்காமல் ஒருநாளும் நான் நித்திரைக்குப் போவதில்லை.

மாரி முடிந்து கொஞ்சநாளில் அராலிக்குப் போனேன். கயாக்கை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். வலைக்காரர் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒருமுறை போய்விட்டு வருவோம் என்று தோன்றியது. பின் இருக்கையில் ஏறித் துடுப்பைப் போட்டேன். வள்ளத்தின் முன்பக்கம் தண்ணீரை விட்டு எழும்பி நின்றது. கொஞ்சக் காற்றுக்கே சுழன்று கரையைப் பார்த்துத் திரும்பியது. எவ்வளவு போட்டும் நேரே போகவில்லை.

"முன்னுக்குப் பாரம் இல்லாட்டி உது அப்பிடித்தான் சுத்தும், ரீச்சர். நில்லுங்கோ," என்று வலைக்காரர் கத்தினார். ஒரு யூரியாப் பையில் பாதிக்கு மண் நிரப்பிக் கட்டிக் கொண்டுவந்து, முன் இருக்கையில் வைத்தார். அது சரியாமல் இருக்க இருக்கை வாரையும் இழுத்துப் பூட்டிவிட்டார். பூட்டியபிறகுதான் அவருக்கே என்னவோ மாதிரி ஆகியிருக்க வேண்டும். "எடுக்கட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றேன்.

வள்ளம் நேரே போனது. கடற்புல் உள்ள இடத்தில் நிறுத்தி, இறாலைக் குத்தி எறிந்தேன். கீளிகள் இரண்டு பட்டன. வெயில் ஏறியதும் திரும்பிவந்து, கயாக்கை மறுபடி கொட்டிலிலேயே கவிழ்த்து வைத்து, மீனை வலைக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.