தக்கையில் இரண்டு சொட்டு

எனக்கு இதுவரை வராத வியாதி என்று எதுவும் பாக்கி இல்லை. டாக்டர் அறை வாசலில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தம் இடுப்புவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், அவர் முடிப்பதற்குள் நான் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பேன். இதற்கெல்லாம் மனோதத்துவத்தில் விளக்கம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, பழைய புத்தகக் கடையிலிருந்து தடித்தடியாகச் சில புத்தகங்களை வாங்கிவந்து படித்தேன். மனம் ஒன்றை நம்பிவிட்டால் உடம்பு கேள்வி கேட்காமல் அதன் பின்னால் போய்விடும் என்பதை அவை வெகு விரிவாகச் சொல்லின. படித்து முடித்த வாரத்திலேயே, அவற்றில் விவரித்திருந்த மனக்கோளாறுகளும் எனக்கு வரிசையாக வந்து சேர்ந்தன.

உண்மையில் நான் அந்தப் புத்தகங்களை வாங்கியிருக்கவே வேண்டியதில்லை. அவற்றில் இருந்த விஷயத்தை ஒன்பது வயதிலேயே, பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் என் மாமா வீட்டுக் கூடத்தில், பாதி செத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான்.

அப்போது அம்மாவும் அப்பாவும் கடலுக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். பையன் இங்கிலீஷ் படிக்கட்டும் என்று என்னைப் பினாங்கில் அம்மாவின் தம்பி வீட்டில் விட்டிருந்தார்கள். மாமா துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கிராணி, கணக்கெழுதுகிறவர். வந்திறங்கும் மூட்டைகளை நாள் முழுக்க எழுதிவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் பேச வார்த்தை மிச்சம் இருக்காது. "சாப்பாடு ஆச்சா", "குடை எங்கே" என்பவற்றைத் தாண்டி அவர் அத்தையிடம் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. வீட்டில் வேறு குழந்தைகளும் இல்லை.

பொழுது சாய்ந்தால் மட்டும் அவர் வேறு ஆள். குளித்து, திருநீறு பூசி, பிரம்பு நாற்காலியில் சாய்ந்ததும் அத்தை பிராந்திப் பாட்டிலையும் ஒரு சின்னக் கிளாஸையும் கொண்டுவந்து வைப்பாள். பாட்டில் அவளுடைய பொறுப்பில், சமையலறையில் இருக்கும். மாமா முதலில் தக்கையைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். பிறகு அத்தை ஊற்றுவாள். அது நெஞ்சுச் சளிக்கு மருந்தாம். நெஞ்சுச் சளி பிடிக்கிற அளவுக்குப் பினாங்கில் என்றைக்குக் குளிர் அடித்தது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. முதல் கிளாஸில் கண் சொருகும், இரண்டாவதில் நாக்குத் தடிக்கும், மூன்றாவதில் நாடக மேடைப் பாட்டுகள் கிளம்பும். அத்தை எதிரே முறத்தில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டே, "ஆரம்பிச்சிட்டாருடா உங்க மாமா" என்று அலுத்துக்கொள்வாள்.

காலிக் கிளாஸைக் கழுவப் போடுவது என் வேலை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த இருட்டில் அந்தக் கிளாஸை அண்ணாந்து கவிழ்த்து, அடியில் நின்ற சொட்டை நாக்கில் விட்டுக்கொள்வது நானே ஏற்படுத்திக்கொண்ட சம்பளம். அது காரமாக, கசப்பாக, தொண்டையில் சுரீரென்று இறங்கும். உடனே சுவர் லேசாகச் சாயும். அந்த மயக்கத்தில் நான் போட்டுக்கொண்டு போன கணக்குகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் தப்பாயின. மயக்கம் இல்லாத நாட்களில் போட்டவையும் தப்பாகவே இருந்தன என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டுரியான் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிடங்கு நண்பர் ஒருவர் பாலிக் பூலாவிலிருந்து ஒரு கூடை டுரியான் பழம் அனுப்பியிருந்தார். மாமாவும் நானும் மதியத்திலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அந்த வாடை ஆகாத அத்தை, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். வயிறு பறை மாதிரி விறைத்த பிறகுதான் நாங்கள் எழுந்தோம். மாலை வந்தது. மாமா குளித்தார், திருநீறு பூசினார், நாற்காலியில் சாய்ந்தார். பாட்டில் வந்தது. பழக்கம் என்பது நம்மைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது? கை தக்கையைப் பிடுங்கியது, மூக்கு மோந்தது, தொண்டை விழுங்கியது. இரண்டாவது கிளாஸும் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு போய் நானும் வழக்கமான சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு, மூன்றாவதுக்காகக் கிளாஸை அவரிடமே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு டிரஸர் உள்ளே வந்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போட்டு, மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவைப் பொறுத்தவரை டாக்டரைவிட அதிகம் தெரிந்தவர். டுரியான் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தார். மூலையில் கிடந்த முள்தோல்களைப் பார்த்தார், மாமாவின் கையைப் பார்த்தார், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, என்ன இது?"

"டுரியான் அண்ணே. பாலிக் பூலாவ் சரக்கு. உக்காருங்க, உங்களுக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கு."

"அதைக் கேக்கல. கையில என்ன?"

மாமா தன் கையிலிருந்த கிளாஸை, அது எப்படி அங்கே வந்தது என்பதுபோலப் பார்த்தார்.

"டுரியானைத் தின்னுட்டுப் பிராந்தியா? படிச்ச ஆளுலா நீ! தங்கச்சி, நீயாவது சொல்லக் கூடாதா?"

பாட்டிலோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த அத்தை கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். டுரியான் சூடு, பிராந்தி நெருப்பு, இரண்டும் ஒரே வயிற்றில் சந்தித்தால் ஆள் பிழைக்கமாட்டான். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் எங்கள் ஊரில் இது ஒன்றுதான். மாமாவுக்கும் நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். டிரஸர் வாயைத் திறக்கும்வரை எங்கள் இருவர் ஞாபகத்துக்கும் அது வரவில்லை, அவ்வளவுதான்.

"சுங்கை பினாங்குல ஒரு வண்டிக்காரன்," என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நானே கண்ணால பாத்தேன். முதல்ல காது சுட்டுச்சு அவனுக்கு."

மாமா காதைத் தொட்டுப் பார்த்தார். "சுடுது அண்ணே."

"அப்புறம் வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு."

"ஆயிருச்சு," என்றார் மாமா.

"அப்புறம் மூச்சு மேல ஏறும், கீழ இறங்காது."

மாமாவின் மூச்சு மேலே ஏறி அங்கேயே நின்றது. "அப்புறம் அண்ணே?"

"அப்புறம் என்ன, தூக்கிட்டுப் போனோம்."

"ஆஸ்பத்திரிக்கா?"

டிரஸர் கூரையைப் பார்த்தார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். என் இரண்டு காதுகளும் அடுப்பில் வைத்த மாதிரி ஆகியிருந்தன. வயிறு ஏற்கெனவே கல். மூச்சு மட்டும் பாக்கி இருந்தது. நான் குடித்தது ஒரே சொட்டுதான். ஆனால் நானும் சின்ன உருவம்தானே, எனக்கு ஒரு சொட்டே போதுமாயிருக்கும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கைச் சரியாகப் போட்டேன். வெளியே சொல்லவும் வழியில்லை. சொன்னால் அத்தை அடிப்பாள், சொல்லாவிட்டால் சாவேன். கொஞ்ச நேரம் இரண்டும் சமமாகவே தெரிந்தன.

"எத்தனை கிளாஸு?" என்றார் டிரஸர்.

"ஒண்ணுதான்."

"ரெண்டு," என்றாள் அத்தை.

"தோல்ல தண்ணி ஊத்தி, உப்புப் போட்டுக் குடு தங்கச்சி, சூட்டை இறக்கும். நான் ரிக்‌ஷா பிடிக்கிறேன்," என்று டிரஸர் வாசலுக்கு ஓடினார். டுரியானின் சூட்டை அதன் தோலில் ஊற்றிய தண்ணீர்தான் இறக்கும் என்பதும் ஊரறிந்த வைத்தியம். அத்தை எழுந்தாள். தோல்களில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து, துடைத்து, தண்ணீர் ஊற்றி, உப்பைக் கரைத்துக் கொண்டுவந்தாள். தெருவே கூடியிருக்கவேண்டிய நேரத்தில் அவள் இவ்வளவு நிதானமாக நடந்தது எனக்குத் திகைப்பாக இருந்தது. அவள் முதுகு திரும்பியபோது நானும் ஒரு தோலில் தண்ணீர் மொண்டு குடித்தேன். முள் உதட்டில் குத்தியதுதான் கண்ட பலன்.

"இதுல பிழைச்சேன்னா இனிமே தொடமாட்டேன்," என்றார் மாமா.

"எதை?" என்றாள் அத்தை.

"பிராந்தியைத்தான்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்."

"நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. அண்ணன் காதுலயும் விழட்டும்."

சாகப்போகிற மனிதரிடம் இத்தனை விசாரணை எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமா வாசல் பக்கம் திரும்பி, இருக்கிற மூச்சில் சத்தமாகச் சத்தியம் செய்தார். பிறகு என்னைக் கைகாட்டினார். "பையனை அக்காகிட்ட பத்திரமா ஒப்படைச்சிடு. கணக்குல கொஞ்சம் மந்தம், மத்தபடி நல்லவன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, நானும் குடிச்சேன்!"

அவ்வளவு நேரம் நிதானமாக இருந்த அத்தையின் முகம் வெளுத்தது. "என்னடா குடிச்சே?"

"கிளாஸ்ல மிச்சம். தெனமும் குடிப்பேன். காது சுடுது அத்தை. காலு மரத்துப்போச்சு." கால் மரத்துப்போவது டிரஸர் சொன்ன பட்டியலில் இல்லை. அது என் சொந்தச் சேர்க்கை. ஆனால் உண்மையாகவே மரத்துப்போய்த் தரையில் விழுந்தேன்.

"பச்சப்புள்ளை தாங்காதே!" என்று டிரஸர் வாசலிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ, எந்திரிடா!" அத்தை என்னைத் தூக்கி உலுக்கினாள். "அது தேத்தண்ணிடா! வெறும் தேத்தண்ணி!"

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எது?" என்று கேட்டார் மாமா. மேலே நின்றுபோன அவர் மூச்சு, அந்த ஒரு வார்த்தைக்காகக் கீழே இறங்கிவந்திருந்தது.

"எல்லாந்தான். பொங்கல்லேருந்து தேத்தண்ணிதான். கொஞ்சங்கொஞ்சமாக் கலந்து, அப்புறம் முழுக்கவே மாத்திட்டேன். தேயிலையோட மிளகும் கிராம்பும் போட்டுக் கொதிக்க வச்சு ஆத்துவேன். தக்கையில மட்டும் ரெண்டு சொட்டு பிராந்தி, வாசனைக்கு."

"அப்ப பிராந்தி?"

"பப்பாளி மரத்துக்கு."

பின்கட்டுப் பப்பாளி ஏன் அப்படி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது என்று அப்போது எனக்கு விளங்கியது.

நாங்கள் நம்பாமல் பார்க்கவே, அத்தை பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றித் தானே ஒரே மடக்கில் குடித்தாள். டிரஸரும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கிராம்பு ஜாஸ்தி," என்று தீர்ப்புச் சொன்னார். என் காலுக்கு உயிர் வந்தது. காது குளிர்ந்தது. மாமாவின் வயிற்றிலிருந்து பெரிய ஏப்பம் ஒன்று எழுந்து வீடு முழுக்க டுரியானாக மணத்தது. அதைவிட இன்பமான சத்தத்தை நான் அதற்குப் பிறகு எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. அத்தை என்னை அடிக்கவில்லை. இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். வாசலில் வந்து நின்ற ரிக்‌ஷாக்காரர், ஏற்றிப்போக ஆள் இல்லை என்று தெரிந்ததும், மிச்சமிருந்த டுரியானை உட்கார்ந்து நிதானமாகத் தின்றுவிட்டுப் போனார்.

மாமாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. "அப்ப இத்தனை மாசமா நான் தள்ளாடினது? பாடினது?"

"தேத்தண்ணியிலதான் பாடினீங்க," என்றாள் அத்தை.

மறுநாள் மாலை நாற்காலி சும்மா கிடக்கும் என்று நினைத்தேன். மாமா குளித்து, திருநீறு பூசி, வந்து உட்கார்ந்தார். எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை உள்ளேயிருந்து பாட்டிலையும் கிளாஸையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தக்கையைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். அவள் ஊற்றினாள். வழக்கம்போல முகத்தைச் சுளித்துக் குடித்தார். முதலில் கண் சொருகியது, அடுத்து நாக்குத் தடித்தது, மூன்றாவது கிளாஸில் பாட்டுக் கிளம்பியது. செய்த சத்தியத்துக்கும் பங்கம் வரவில்லை.

நான் அத்தையிடம் நகர்ந்துபோய், "அது தேத்தண்ணிதானே?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"ஆமா."

"மாமாவுக்குத்தான் தெரியுமே. அப்புறம் எதுக்குத் தக்கையில ரெண்டு சொட்டு?"

"சும்மா இருடா. பாட்டு கேக்குறேன்ல."

தேத்தண்ணியில் சாவதற்கும் தேத்தண்ணியில் தள்ளாடுவதற்கும் என் தடித்த புத்தகங்களில் நல்ல விளக்கங்கள் இருக்கின்றன. தெரிந்த பிறகும் அந்த நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தவரைப் பற்றி அவற்றில் தேடிப்பார்த்தேன், சரியாக அகப்படவில்லை. அன்று அத்தையின் மடியில் இருந்த முறத்தில் கீரை எப்போதோ ஆய்ந்து முடிந்திருந்தது. உலை வைக்கவேண்டிய நேரமும் தாண்டியிருந்தது. அவள் எழுந்து போகவில்லை. ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தாள். பசியோடு உட்கார்ந்திருந்த எனக்கு, இவளுக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று, ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறாள் என்றுதான் தோன்றியது.