நான் அசையவிடாத அம்மா

பிள்ளைகளே, இது நடந்தது அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற ஒரு பட்டறையில் நான் வெல்டிங் வேலை பார்த்தேன்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு தமிழம்மா வருவார். சிற்பம் செய்கிறவர், கல்லில் இல்லை, இரும்புத் தகட்டில். ஒரு நாள் வளைந்த தகடுகள் இரண்டைக் கொண்டுவந்தார், பெரிதும் சிறிதுமாக. பெரியது சிறியதன்மேல் கவிந்து நிற்கிற மாதிரி ஓர் ஆணியில் கோக்க வேண்டும். "ஆணி கொஞ்சம் தளர்வாவே இருக்கட்டும் மிஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் சும்மா இருப்பாரா? "ஏலே, அந்தம்மா மழைக்குத் தகரம் போடுதாங்களோ?" என்று சிரித்தார். எனக்கும் அது வெறும் தகடாகத்தான் தெரிந்தது.

கோத்துப் பார்த்தேன். தொட்டால் ஆடியது. நான் செய்த கேட் ஆடியதாக ஒருத்தரும் சொன்னதில்லை. படித்தவர்களுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்து, மூன்று இடத்தில் வெல்டு வைத்து இறுக்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் வந்தார். அன்று சாயங்காலம் அவருடைய முதல் கண்காட்சி. நாலு மணிக்கு வண்டி வரும். தகட்டை விரலால் மெதுவாகத் தள்ளினார். அசையவில்லை.

"நூறு வருஷமானாலும் ஆடாதும்மா" என்றேன் பெருமையாக.

பக்கத்தில் கிடந்த டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திட்டவில்லை. இரண்டு கையையும் மடக்கி, இல்லாத ஒரு குழந்தையைத் தாலாட்டிக் காட்டினார். "மாதாவும் குழந்தை ஏசுவும். காத்து வந்தா அவ குனிஞ்சு நிமிரணும். அதுலயே அம்மான்னு தெரியணும்னுதான் முகம்கூட வைக்கலை. உங்ககிட்ட விளக்கமாச் சொல்லாதது என் தப்பு."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஞாயிறுதோறும் மாதா சொரூபத்தின் முன் முழங்கால் போடுகிறவன் நான். என் மூத்த மகளுக்கு அப்போது மூன்று மாதம். அவள் அம்மா அவள்மேல் குனிவதை அன்று காலையில்கூடப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன்.

வெல்டை எடுக்கத் தீயை வைத்தால் மெல்லிய தகடு கோணிப்போகும். ரம்பத்தையும் அரத்தையும் எடுத்துக் கையாலேயே அறுத்தேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மூன்றாவது வெல்டும் அறுபட்டபோது வாசலில் வண்டி வந்து ஹார்ன் அடித்தது.

பட்டறைக்குள் காற்றே இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயால் மெல்ல ஊதினேன். பெரிய தகடு குனிந்தது. சிறியதைத் தொடுகிற மாதிரி போய், தொடாமல், மெதுவாக நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது.

திரும்பவும் ஹார்ன். தகரம் என்று சிரித்தாரே, அந்தத் திருநெல்வேலிக்காரர்தான் வாசலுக்கு ஓடினார். "அரே பாய், ஹார்ன் அடிக்காதீரும். உள்ள பிள்ளை உறங்குதுல்லா!"

அதற்குப் பிறகு எத்தனையோ கேட்டுகளை இறுக்கியிருக்கிறேன். ஆனால் யாராவது ஒன்றைத் தளர்வாக விடச் சொன்னால், எதற்கென்று ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் இன்றைக்கும் தீயைப் பற்றவைக்கிறேன்.