என் மகளுக்கு வாய்த்த தாத்தா

பெற்ற மகளைப் பார்த்து வயிறு எரிகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அந்த ரகம். அவளுக்கு ஏழு வயது. எனக்கு வாய்க்காத ஒரு மனுஷன் அவளுக்குத் தாத்தாவாக வாய்த்திருக்கிறார். அவர் வேறு யாருமில்லை, என் அப்பாதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, பாப்பாரப்பட்டி ரோட்டில் தடுக்கி விழுந்து, சொசைட்டிக்குக் கொண்டுபோன பாலைக் கொட்டிவிட்டேன். முட்டியில் ரத்தம். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் என்னைக் கட்டிவைத்து, கயிற்றை நனைத்து அடித்தார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அது ஏதோ ஒருநாள் கோபம் என்று நினைக்காதீர்கள். பத்தாவது முடிக்கும்வரை அதுதான் என் வளர்ப்பு.

வளர்ந்த பிறகு யாராவது குரலை உயர்த்தினால் போதும், காது அடைத்துக்கொள்ளும், கை முந்திக்கொள்ளும். தக்காளி மண்டியில் ஒரு பெரியவர், நான் பெட்டியைக் கீழே போட்டதற்கு, "அறிவு இருக்குதாடா?" என்று கத்தினார். அவ்வளவுதான். எடைக்கல்லை எடுத்து அவர் மண்டையை உடைத்துவிட்டேன். இன்றுவரை அவருக்கு இடது கண் சரியாகத் தெரியாது. அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்? அப்பாவை அடிக்கத் துணிச்சல் இல்லாமல் அவரை அடித்தேன். ஜெயிலில் உட்கார்ந்துதான் இது எனக்குப் புரிந்தது. என்னோடு சேர்ந்து அடிவாங்கிய தங்கை இதுவரை ஓர் ஆளை அடித்ததில்லை. அதனால் பழி மொத்தத்தையும் அப்பா தலையில் போடவும் முடியவில்லை. அவளைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான்.

வெளியே வந்த அன்று மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்: "பாப்பா மேல உங்க கை பட்டுச்சுன்னா, அன்னிக்கே இவளக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேங்க. அப்புறம் கண்ணுலயே காட்டமாட்டேன்."

போன மாதம் மகள் வாசலில் ஓடிவந்து, கறந்து வைத்திருந்த பாலை எட்டி உதைத்துவிட்டாள். ஒரு சொட்டு மிஞ்சவில்லை. அப்பா பதறிக்கொண்டு வந்து அவள் காலைப் பிடித்துத் தடவினார். "போனா போவுது உடு கண்ணு. பால நாளைக்குக் கறந்துக்கலாம். கால்ல அடிபட்டுச்சா சாமி?"

சாமியாம்! என்னை ஒருநாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பாரா? எனக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. முஷ்டியை மடக்கி அவளைப் பார்த்து ஓங்கிவிட்டேன்.

"டேய், கொழந்தடா அது!" என்று அப்பா குறுக்கே வந்தார்.

"அப்ப நான் யாருப்பா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கதவருகே மனைவி அசையாமல் நின்றிருந்தாள்.

மகள் என் கையை அண்ணாந்து பார்த்தாள். தலையை மறைத்துக்கொள்ளவில்லை, பின்னால் நகரக்கூட இல்லை. "கையில என்னப்பா வெச்சிருக்க? எனக்கா?" என்று எம்பிப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஒன்றுமில்லை கண்ணு என்றேன். ஓங்கிய கை எதற்கென்று ஏழு வயதிலும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த நிமிடம் அவள்மேல் வந்த பொறாமை எனக்கு வேறு யார்மேலும் வந்ததில்லை.