பூட்டிய அறைகளுக்கு ஊற்றும் தண்ணீர்

ஓர்ஸ் ஹில்லில் ஒரு விடுதியில் அறைகளைத் துப்புரவாக்குவது என் வேலை. வீடு கடற்கரையோரம், இறக்கக்கண்டியில். என் வீட்டுக்காரர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர் என்பது விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து வெளிநாட்டுக்காரர் வராமல் போனதும் கீழ்த்தளத்து அறைகளைப் பூட்டிவிட்டார்கள். பூட்டின அறைக்கும் ஒரு வேலை உண்டு. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். கழிவுக் குழாயின் நாற்றத்தை மேலே வரவிடாமல் மறிப்பது அதுதான். ஆள் புழங்காவிட்டால் வற்றிப்போகும்; வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் கெதியாக. அதனால் கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வோர் ஓட்டையிலும் வாளியால் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன்.

புதிதாக வந்த மனேஜருக்கு, நாங்கள் மத்தியானத்தில் அங்கே போய்ப் படுக்கிறோம் என்று ஒரு எண்ணம். அந்த அறைகளின் திறப்புகளை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

"சேர், தண்ணி ஊத்தாட்டி மணக்கும்" என்றேன்.

"ஆளில்லாத அறையில ஆருக்குத் தண்ணி? உங்கட வேலையைப் பாருங்கோ."

மணந்தது. மேட்டுச் சரிவில் கட்டிய விடுதி என்பதால் வாசல் மேல்தளத்தில் இருக்கிறது. நாற்றம் படியேறி அதுவரைக்கும் வந்தது. மனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்தார்.

"மீன் வெடுக்கு. நாளையிலயிருந்து பின்னால பைப்படியில குளிச்சிட்டு யூனிபோமைப் போடுங்கோ."

"இது பூட்டின அறையளில இருந்து வாற மணம், சேர்."

"சும்மா கதைக்காதேங்கோ. குளிக்க ஏலாதெண்டால் வேலைக்கு வரவேண்டாம்."

கழிவு நாற்றத்துக்கும் மீன் வெடுக்குக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு! நான் கொண்டுவரும் பாரை மீனை வாங்கிக்கொண்டு போகும்போது மட்டும் அதற்கு ஒன்றும் மணப்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் வீட்டுக்காரரின் வள்ளம் பாதி நாள் கரையில் கிடந்த காலம் அது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

குளித்தேன். குசினிக்காரர்கள் போக வர, தகரம் மறைத்த பைப்படியில், உடுத்த உடுப்போடு. அப்படியும் நாற்றம் போகவில்லை. சவர்க்காரத்தை மாற்றச் சொன்னார். வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை தினமும் என்னோடு சாப்பிடுகிறவள். அவளும் தள்ளிப்போய் இருந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் என் கையை நானே மோந்து பார்க்கத் தொடங்கினேன். அப்படி என்னைச் செய்ய வைத்தாரே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிறகு ஒரு கலியாண வீட்டார் கீழ் அறைகளைக் கேட்டார்கள். திறப்புகள் வெளியே வந்தன. ஒவ்வோர் ஓட்டையிலும் வாளி வாளியாக ஊற்றினேன். பின்னேரத்துக்குள் நாற்றம் அடங்கிவிட்டது.

அடுத்த நாள் மனேஜர் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். இனியாவது விளங்கும் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களே, ஒழுங்காக் குளிச்சா எவ்வளவு நல்லாயிருக்கு" என்றார்.

அந்தப் பிள்ளை சிரித்தாள். "ஓம் அக்கா, இப்ப ஒண்டும் மணக்கேல்ல."

இன்றைக்கும் பைப்படியில் குளித்துவிட்டுத்தான் யூனிபோம் போடுகிறேன்.